நந்திதுர்க் ஷைலஜா தீர்த்த பகை

ஒருத்தியைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஷைலஜா கால்பந்து கோச் ஆனாள். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. நந்திதுர்க் மைதானத்தில் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில், உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் மாலையோடு வந்து, "நம்ம ஏரியா பொண்ணுங்க முன்னுக்கு வரணும்னு பாடுபடறீங்கம்மா" என்றார்.

"அதெல்லாம் இல்ல சார். விமலான்னு ஒருத்தி கீறா. அவள ஜெயிக்கணும்" என்றாள் ஷைலஜா.

அவர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஷைலஜாவின் அப்பா ராஜப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கிறவர். ஷிப்டு முடிந்து சுரங்கத்து லிஃப்டான கேஜில் மேலே வந்ததும், குளித்த ஈரத்தோடு பந்து விளையாடப் போய்விடுவார். ஷாஃப்டு என்கிற ஒவ்வொரு சுரங்கக் குழிக்கும் ஒரு டீம் இருந்த காலம் அது. ஷைலஜா அந்த மைதானத்தின் ஓரத்தில் நடை பழகி, பையன்களோடு சேர்ந்து உதைத்து வளர்ந்தாள். அவள் ஹைஸ்கூலில் படிக்கும்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பா பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆனார்.

விமலாவின் வீடு இன்ஜினியரிங் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அவள் அப்பா அங்கே மெஷின் டிராயிங் போடுகிறவர். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளையும் குவார்ட்டர்ஸ் பிள்ளையும் ஒன்றாகத் திரிவது அப்போது அவ்வளவு சாதாரணமில்லை. பள்ளிக்கூட டீமில் இரண்டு பேரும் முன்வரிசை. ஷைலஜா கோல் அடிப்பாள், விமலா அவளுக்குப் பந்து கொடுப்பாள். காலேஜில் சேர்ந்தபிறகு இருவரும் பெங்களூருக்கு ஒரே ரயிலில் போனார்கள். ஊரிகம் ஸ்டேஷனில் ஏறும் ஷைலஜா, தொழிற்சாலை ஸ்டேஷனில் ஏறப்போகும் விமலாவுக்காகப் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். விமலா வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைப் பங்காருப்பேட்டை வருவதற்குள் இரண்டு பேரும் காலி செய்துவிடுவார்கள்.

அந்த ரயிலில்தான் ஒருநாள் ஷைலஜா அவளிடம் ஒன்றைச் சொன்னாள். தனக்கு மாதாமாதம் தீட்டு வருவதில்லை, மூன்று மாதம் நான்கு மாதம் ஆகிவிடுகிறது, அம்மா இல்லாத வீட்டில் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

"இதுக்குப் போயி பயப்படறியேடி, எங்க சித்திக்குக்கூட அப்படித்தான்" என்று விமலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் இருவரும் மாநில கேம்புக்குத் தேர்வானார்கள். தேசியப் போட்டிக்கு டீம் எடுக்கிற கேம்ப். நடுவில் நின்று கோல் அடிக்கிற இடம் ஒன்றுதான், அதற்கு இரண்டு பேரையும் வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி ஆட்டங்களில் ஷைலஜாதான் கோல் அடித்தாள். அவளுக்கே அந்த ஜெர்சி என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, டீம் மேனேஜராக வந்த அம்மாள் அவளை ஓர் அறைக்குக் கூப்பிட்டாள். அங்கே இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். டாக்டரா நர்ஸா என்று இன்றுவரை ஷைலஜாவுக்குத் தெரியாது.

"உன்மேல கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. நீ பொம்பளையே இல்லன்னு. துணியக் கழட்டு" என்றாள் மேனேஜர்.

ஷைலஜா கழட்டினாள். என்ன செய்வது என்று தெரியாத வயது. அவர்கள் பார்த்தார்கள், தொட்டும் பார்த்தார்கள். கடைசியில் அந்த இரண்டாவது பெண் கேட்டாள்: "மூணு நாலு மாசத்துக்கு ஒருக்காத்தான் வருமாமே, நெஜமா?"

அதைக் கேட்டதும் அவளுக்குக் கூச்சம்கூட மறந்துபோனது. அவள் அதைச் சொல்லியிருந்தது உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்.

வெளியே வந்தாள். மைதானத்தின் ஓரத்தில் விமலா உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஷைலஜா அவள் முன்னால் போய் நின்றாள். விமலா கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். யார் புகார் கொடுத்தது என்று கேட்டதற்குப் பெயர் சொல்ல முடியாது என்றார்கள். ரிப்போர்ட் வரவே இல்லை. விமலா அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போனாள்.

ஆனால் சேதி ஊருக்கு வந்துவிட்டது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்த ராஜப்பாவிடம் ஒருவன், "இன்னா ராஜப்பா, உம்புள்ள எப்படிக் கீறான்?" என்று கேட்டான். ராஜப்பா பையைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயில் குத்தினார். பல் விழுந்தது. போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து மாலையில்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"யார் சொன்னதுன்னு தெரியுமா?"

"தெரியும்பா."

"அப்ப வுடாத."

அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

கர்நாடகாவில் எந்த டீமும் அவளை எடுக்காது என்று தெரிந்ததும் ஷைலஜா சென்னைக்குப் போனாள். ஒரு கிளப்பில் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் அவள் கதை தெரியாது, தெரிந்தவர்களும் கோல் விழுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். கேரளத்துத் திருவிழாப் போட்டிகளில் கூலிக்கு ஆடினாள். எதிர் டீமில் ஒரு பெண் தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டால் போதும், விமலாவின் பழக்கம் நினைவுக்கு வந்து அவளை விழத்தட்டிவிடுவாள். மஞ்சள் கார்டு வாங்காத சீசன் கிடையாது. நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் இந்தியக் கேம்புக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. முழங்கால் இரண்டாவது தடவை போனபோது டாக்டர் இனிமேல் வேண்டாம் என்றார். அழுதுகொண்டே கோச் லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்தாள்.

அந்த வருஷங்களில் விமலாவுக்கு எல்லாம் நடந்தது. மாநில டீமுக்குக் கேப்டன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பிறகு பெங்களூரின் பெரிய பெண்கள் கிளப் ஒன்றுக்குக் கோச் ஆனாள். டிவியில் உட்கார்ந்து, பெண்கள் விளையாட்டில் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும் என்று அழகான கன்னடத்தில் பேசினாள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷைலஜா அதைப் பார்த்துவிட்டுப் பாதித் தட்டோடு எழுந்து வந்துவிட்டாள்.

அப்பாவின் நெஞ்சில் சுரங்கத்துத் தூசி ஏறி மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்ததால் அவள் ஊர் திரும்பியிருந்தாள். ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை. சாயங்காலங்களில் நந்திதுர்க் மைதானம். ஒரு காலத்தில் சுரங்க டீமுக்குக் கோல்கீப்பராக இருந்த கோவிந்தன் டீம் மேனேஜராக வந்து சேர்ந்தார். சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ரயில் இறங்கி, முகம் கழுவி, நேராகப் பயிற்சிக்கு வருவார்கள்.

அப்பா அந்த டீம் ஆடி ஒரு ஆட்டம்தான் பார்த்தார். அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷைலஜா பெங்களூருக்குப் போய், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து விமலாவின் டீம் ஆடுவதைப் பார்ப்பாள். விமலா தன் டிஃபென்ஸ் முழுவதையும் நடுக்கோடுவரை ஏற்றி நிறுத்துவாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வயல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கும். ஒரு கோல் வாங்கிவிட்டால் விமலா பதறிப்போய், நடுவில் ஆடுகிறவர்களை வெளியே எடுத்துவிடுவாள்.

ஷைலஜா தன் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒன்றுதான். பின்னால் இருந்து நீளமாகப் பந்து போடு, டிஃபென்ஸைத் தாண்டி ஓடு, அடி. முதல் சீசனில் வரிசையாகத் தோற்றார்கள். மற்ற டீம்கள் விமலாவைப்போல ஏறி நிற்காமல் தங்கள் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்றன. ஓடிப் போவதற்கு இடமே இல்லை.

"இன்னாம்மா நீ, எதிர்ல எந்த டீம் நின்னாலும் உன் கண்ணுக்கு விமலாதான் தெரியறா. அவகிட்ட போய்ச் சேரணும்னாலே மொதல்ல மத்தவங்கள ஜெயிக்கணும்ல?" என்றார் கோவிந்தன்.

அந்தப் பேச்சு அவளுக்குச் சுட்டது. ஆனால் கேட்டாள். சின்ன பாஸ், கார்னர், நெரிசலில் ஆடுவது எல்லாம் பழக்கினாள். சில வருஷங்களில் நந்திதுர்க் டீம் மாநிலத்தின் மேல் லீக்குக்கு ஏறியது. விமலாவின் கிளப் இருக்கிற லீக்.

அந்தச் சமயத்தில்தான் டீனா வந்தாள். சாம்பியன் என்கிற பக்கத்துச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த பெண். நல்ல உயரம், வெட்டிய கிராப், கரகரத்த குரல். விமலாவின் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவள் சீசன் நடுவில் விலகி ஊருக்கு வந்திருந்தாள். காயம் என்று சொன்னாள். அவள் ஓடுவதைப் பார்த்த ஷைலஜாவுக்குக் காயம் எதுவும் தெரியவில்லை. போட்டி ஒன்றுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது டீனாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. அங்க மத்த பேரன்ட்ஸ் எல்லாம் சேர்ந்து, நான் பொண்ணான்னு டவுட்டா இருக்குன்னு சொன்னாங்க. விமலா மேடம் என்னைக் கூப்பிட்டு, சத்தம் அடங்கறவரைக்கும் வெளிய இருன்னாங்க. நீ பொண்ணுதான்னு அவங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரல."

ஷைலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பாதி அந்தப் பெண்ணுக்காக. மீதிப் பாதி சந்தோஷம் என்று பின்னால் அவளே கோவிந்தனிடம் சொல்லியிருக்கிறாள்.

விமலாவின் கிளப்போடு ஆட்டம் சீசனின் கடைசி வாரத்தில் பெங்களூரில் அமைந்தது. அவர்கள் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. நந்திதுர்க்குக்கு இழக்க எதுவும் இல்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் விமலா ஷைலஜாவைத் தேடி வந்தாள். அந்தக் கேம்புக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"ஷைலு, டீனாவ இன்னிக்கு எறக்காத. எங்க கிளப்ல கம்ப்ளெயின்ட் பண்ணப்போறாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். நான் நல்லதுக்குச் சொல்றேன்."

ஷைலஜா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே மேட்ச் கமிஷனர் உட்கார்ந்திருந்த மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இரண்டு டீம் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"சார், எங்க ஒன்பதாம் நம்பர் மேல இவங்களுக்குக் கம்ப்ளெயின்ட் இருக்காம். எழுதி வாங்கிக்கங்க" என்றாள். பிறகு விமலா பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவ உன் பேரப் போட்டு எழுது."

கமிஷனர் வயதானவர், நியாயஸ்தர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது என்றார். விமலா தன் கிளப் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் செல்போனைப் பார்த்தார். பேனா மேஜைமேல் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விமலா கையை உதறி விடுவித்துக்கொண்டு, தலைமுடியைப் பின்னால் தள்ளியபடி போனாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முதல் கோல். பின்னால் டிஃபென்ஸில் ஆடும் ஷில்பா நீளமாகப் பந்து போட, ஏறி நின்ற டிஃபென்ஸைத் தாண்டி டீனா ஓடி, கீப்பரை ஏமாற்றித் தள்ளிவிட்டாள். விமலா பதறி நடுவில் இருந்த ஒருத்தியை வெளியே எடுத்தாள். அந்த ஓட்டை வழியாகவே இரண்டாவது கோலும் போனது. இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது. மூன்றும் டீனா அடித்தவை. விமலாவின் கோல்கீப்பர் பதினேழு வயதுப் பெண், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். விமலா கோட்டோரத்தில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

டீனா தொடையைப் பிடித்தபடி பெஞ்ச் பக்கம் பார்த்து, மாற்றச் சொல்லிக் கை காட்டினாள்.

"எடுத்துடும்மா, போதும். ஜெயிச்சாச்சு" என்றார் கோவிந்தன்.

"இன்னும் ஒண்ணு."

"ஷைலு, அந்தப் பொண்ணு நொண்டறா."

"இன்னும் ஒண்ணுண்ணா. அவ மூஞ்சியப் பாருங்க."

அவள் காட்டியது விமலாவின் முகத்தை. டீனாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. டீனா நொண்டிக்கொண்டே நான்காவது கோலையும் அடித்தாள். அடித்த இடத்திலேயே கத்திக்கொண்டு விழுந்தாள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள்.

விசில் ஊதியதும் விமலா கை கொடுக்க வந்தாள். நீட்டிய கையை ஷைலஜா பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று நின்றாள். விமலாவுக்குக் கையை எப்போது கீழே போடுவது என்று தெரியவில்லை.

டிவிக்காரர்கள் மைக்கோடு வந்து, கோப்பையைத் தட்டிவிட்ட சின்ன ஊர் டீமின் கோச் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டார்கள். ஷைலஜா கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். ரயில், கேம்ப், அறை, அந்தப் பெண் கேட்ட கேள்வி, விமலாவின் பெயர். எதையும் விடவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னிக்கும் அதேதான் நடக்குது. நாலு கோல் அடிச்ச எங்க டீனா ஏன் அந்தக் கிளப்பை விட்டு வந்தான்னு போய்க் கேளுங்க. அவளையும் பொண்ணு இல்லன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."

அன்று மாலை ரயில் பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் அந்த வீடியோ பெட்டியில் இருந்த எல்லார் போனிலும் ஓடியது. முன்பின் தெரியாதவர்கள் எழுந்து வந்து ஷைலஜாவுக்குக் கை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். "முடிச்சிட்டேம்பா" என்றாள். அவ்வளவு ஆழமாகத் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அந்த வாரமே கிளப் விமலாவை வேலையைவிட்டு எடுத்தது. ஷைலஜா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது விமலா போன் செய்தாள்.

"எனக்கு அந்த எடம் வேணும்னு இருந்துச்சு ஷைலு. பத்தொம்பது வயசு. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல. இப்ப எம்பசங்கள ஸ்கூல்ல கேக்கறாங்க, உங்கம்மாவா அதுன்னு."

"எங்கப்பாவையும் கேட்டாங்க. மார்க்கெட்ல வெச்சு."

"மன்னிச்சுடு."

"மாட்டேன்" என்றாள் ஷைலஜா. போனை வைத்துவிட்டு, மணி அடித்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். மனதில் உறுத்தல் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்கிறாள்.

டீனா மட்டும் போனை எடுக்கவே இல்லை. தொடைச் சதை கிழிந்து வீட்டில் படுத்திருந்தாள். ஷைலஜா பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது டீனாவின் அம்மா கதவில் நின்றபடியே, "சர்ச்ல எல்லாரும் எம்பொண்ணக் குறுகுறுன்னு பாக்கறாங்க டீச்சர். எங்களுக்கே நீங்க டிவில சொல்லித்தான் தெரியும்" என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

உள்ளிருந்து டீனா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"விமலா மேடம் உங்க ரகசியத்த ஒரு ரூம்ல சொன்னாங்க. நீங்க என்னோடத டிவில சொன்னீங்க."

"டீனா, நான் உனக்காகவும்தான்..."

"பேடா, வேணாம் அக்கா. எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்காகன்னா கால் வலிக்குதுன்னு கை காட்டினப்பவே எடுத்திருப்பீங்க."

ஷைலஜா பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"பெங்களூர்ல வேற கிளப்ல பேசியிருக்கேன். அடுத்த சீசன் அவங்களுக்கு ஆடறேன். உங்களோட மேட்ச் வரும்ல, அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றாள் டீனா.

கதவு சாத்திக்கொண்டது. ஷைலஜா பழத்தை வாசற்படியில் வைத்தாள். பிறகு அது சரியில்லை என்று தோன்றி எடுத்துக்கொண்டாள். சாம்பியனிலிருந்து நந்திதுர்க்வரை நடந்தே வந்தாள். வழியில் பார்த்த கோவிந்தன் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அவ மூஞ்சில என்னையே பாத்தேன்ணா" என்று மட்டும் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டு அவள் இன்னும் இரண்டு தடவை போனாள். கதவு திறக்கவில்லை. மூன்றாவது தடவை போகவில்லை.

இப்போது டீனாவின் கால் தேறிவிட்டது, புது கிளப்பில் பயிற்சிக்குப் போகிறாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் சாயங்காலம் நந்திதுர்க் மைதானத்தில் ஷைலஜா டிஃபென்ஸ் ஆடும் ஷில்பாவைத் தனியாக நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டீனா வலது பக்கம் போற மாதிரிக் காட்டுவா. நம்பாத. இடது கால்லதான் அடிப்பா. பக்கத்துலயே ஒட்டிக்கினு ஓடு, ஆனா கால்ல மட்டும் அடிச்சுடாத. புரிஞ்சுதா? அந்தக் கால்ல யாராவது அடிச்சீங்க, அவங்கள டீம்லயே வெக்க மாட்டேன்."

"சரி மிஸ்" என்றாள் ஷில்பா. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அவ கோல் அடிச்சுட்டா?"

"அடிப்பா" என்றாள் ஷைலஜா. "என்மேல அவ்ளோ கோவம் கீது அவளுக்கு. போ, இன்னொரு தடவ ஓடு."